31 எப்படி 77 ஆனது: எச்ஆர்வி பயோஃபீட்பேக் பயிற்சியில் நான் இழந்த மாதங்கள்

இதயத் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது (எச்ஆர்வி) என்பதைத் திரையில் பார்த்தபடி மெதுவாக மூச்சுவிட்டுப் பழகுவதுதான் எச்ஆர்வி பயோஃபீட்பேக். அந்தப் பயிற்சியில் ஆறு அமர்வுகள் முடிந்தபோது, அந்த மாற்றத்தை அளக்கும் எண்களில் ஒன்றான என் ஆர்எம்எஸ்எஸ்டி 31 மில்லிவினாடியிலிருந்து 77-க்கு உயர்ந்துவிட்டதாக அறிக்கை கொடுத்தார்கள். அந்த எண்ணை நம்பி, வாரத்துக்கு 45 கிலோமீட்டராக இருந்த ஓட்டத்தை 60 ஆக்கினேன். இரண்டாவது வாரமே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மூன்றாவது வாரத்தில் இரவுத் தூக்கமும் போயிற்று. உடல் நன்றாகத் தேறியிருக்கிறது என்று தாள் சொன்னது. படியேறினாலே உடல் வேறு சொன்னது. தவறு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. இதில் இறங்க நினைக்கும் ஓட்டக்காரர்களுக்காவது அந்த இரண்டு மாதங்கள் மிச்சமாகட்டும்.

நான் இதைத் தேடிப் போனதற்குக் காரணம் பந்தயப் பதற்றம். அரை மாரத்தானின் தொடக்கக் கோட்டில் சும்மா நிற்கும்போதே என் துடிப்பு 120-ஐத் தொட்டுவிடும். ஆய்வாளர்கள் பால் லெஹ்ரரும் எவ்கேனி வாஷில்லோவும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட பயிற்சிமுறையைப் பற்றியும், நம் நாட்டிலேயே கூடைப்பந்து வீரர்களிடம் இந்தப் பயிற்சியைச் சோதித்து 2012-இல் வெளிவந்த ஆய்வைப் பற்றியும் படித்திருந்தேன். மருத்துவரிடம் ஈசிஜி எடுத்துச் சந்தேகம் தீர்த்துக்கொண்டு, சென்னையில் ஒரு மையத்தில் பத்து அமர்வுகளுக்கு 12,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். அதுவரை எல்லாம் சுமுகமாகத்தான் நடந்தது.

அமர்வு நடந்த அறையில் ஏசி குளிர் நடுங்க வைக்கும். விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டி, வரும் எல்லோருக்கும் நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று திரையில் ஓடவிட்டுவிட்டு, "நல்லா ஆழமா இழுத்து விடுங்க சார்" என்று சொல்லிவிட்டு உதவியாளர் வெளியே போய்விடுவார். நானும் சொன்னபடியே இழுத்தேன். பத்தாவது நிமிடத்தில் உதடு மரத்தது, விரல்கள் சுரீரென்று குத்தின, தலை சுற்றியது. ஆழமாகவும் வலிந்தும் மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து இப்படித்தான் ஆகும் என்பதும், இந்தப் பயிற்சிக்கு வேண்டியது மெதுவான மூச்சே தவிரப் பெரிய மூச்சு அல்ல என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று அவரிடம் கேட்டபோது, "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் அல்ல அது.

77 என்ற எண்ணின் மீது சந்தேகம் வந்ததும், துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி பதிவான மூலக் கோப்பைக் கேட்டேன். "பிடிஎஃப் ரிப்போர்ட் மட்டும்தான் சார் தருவோம்" என்று முதல் முறை அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது முறை போனபோது, அந்தக் கணினியைக் கையாளத் தெரிந்தவர் விடுப்பில் இருந்தார். தாம்பரத்திலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போய்வந்த அரைநாள் அது. மூன்றாவது முறை எழுத்து மூலமாக விண்ணப்பம் கொடுத்துவிட்டு, பென் டிரைவுடன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகுதான் கோப்பு கைக்கு வந்தது. பணம் கட்டும் நாளிலேயே மூலக் கோப்பு தருவார்களா என்று கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் கோப்பைத் திறந்தால், ஒன்றன்கீழ் ஒன்றாக வெறும் எண்கள். 902, 911, 1796, 894. அந்த 1796-இல் என் கண் நின்றது. என் இதயம் அந்த இடத்தில் ஒன்றே முக்கால் வினாடி நின்றுவிடவில்லை; குளிரில் விரலின் இரத்த ஓட்டம் குறைந்ததால் கிளிப் ஒரு துடிப்பைத் தவறவிட்டு, இரண்டு இடைவெளிகளை ஒன்றாக எண்ணியிருந்தது. ஆர்எம்எஸ்எஸ்டி என்பது அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசங்களை வர்க்கமாக்கி, சராசரி கண்டு, அதற்கு வர்க்கமூலம் எடுப்பது. ஐந்து நிமிடப் பதிவில் ஏறத்தாழ 330 துடிப்புகள் இருந்தாலும், 900-ஐ ஒட்டிய இரண்டு வித்தியாசங்கள் வர்க்கமாகும்போது மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகின்றன. எச்ஆர்வியைக் கணக்கிடும் குபியோஸ் மென்பொருளின் இலவசப் பதிப்பில் அந்த ஒரு துடிப்பை மட்டும் திருத்தினேன். 77 என்பது 33 ஆயிற்று. ஆறு வாரத்தில் நான் அடைந்த முன்னேற்றம் இரண்டே மில்லிவினாடி. அன்று இரவு எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. இந்த எண்ணை வைத்துக்கொண்டுதானே காலைக் கெடுத்துக்கொண்டேன்!

பிறகு மார்புப் பட்டை ஒன்று வாங்கி வீட்டிலேயே முதலிலிருந்து தொடங்கினேன். கைக்கடிகாரம் ஒளியை வைத்து நாடியைக் கணிக்கிறது. மார்புப் பட்டை இதயத்தின் மின் சமிக்ஞையையே வாங்குவதால் இந்த வேலைக்கு அதுதான் தோது. மின்முனைகளைத் தண்ணீரில் நனைத்துக் கட்டுங்கள். உலர்ந்த பட்டையால் முதல் நான்கு நாள் பதிவுகளை நான் வீணாக்கினேன்.

அடுத்து, மையத்தில் செய்யாமல் விட்ட சோதனை. நிமிடத்துக்கு ஆறரை, ஆறு, ஐந்தரை, ஐந்து, நாலரை என்று ஒவ்வொரு வேகத்திலும் இரண்டிரண்டு நிமிடம் மூச்சுவிட்டு, எதில் துடிப்பு அதிகமாகவும் சீராகவும் ஏறி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் அனிச்சைச் செயலுக்கு ஆளுக்கு ஆள் ஒரு தாளம் உண்டு. மூச்சு அதனோடு இணையும்போதுதான் அலை பெரிதாகிறது. உயரமானவர்களுக்கு அந்தத் தாளம் பொதுவாக மெதுவாக இருக்கும். ஆறடி உயரமுள்ள எனக்கு ஆறு மூச்சில் அலை கரடுமுரடாக இருந்தது. ஐந்து மூச்சில், அதாவது ஐந்து வினாடி இழுத்து ஏழு வினாடி விட்டபோது, துடிப்பு 58-க்கும் 76-க்கும் இடையே மடிப்புக் கலையாத புடவைக் கொசுவம் போலச் சீராக ஏறி இறங்கியது. இரண்டு மாத அலைச்சலுக்குப் பிறகு திரையில் அதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

அதன்பின் நாளுக்கு இரண்டு வேளை, இருபது இருபது நிமிடம். சாப்பிட்ட உடனேயும் காபி குடித்த உடனேயும் செய்வதில்லை. மெதுவாக மூச்சுவிடும்போது வரும் எண்ணைக் காலையில் இயல்பாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. முன்னது பெரும்பாலும் வீங்கித்தான் தெரியும். துடிப்பு ஒழுங்கின்மை உள்ளவர்களும் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

பத்து வாரம் கழித்து ஜனவரியில் ஓடிய அரை மாரத்தானில், தொடக்கக் கோட்டில் கூட்டத்துக்கு நடுவே நின்றபடி ஐந்து நிமிடம் எனக்குப் பொருந்திய அதே தாளத்தில் மூச்சுவிட்டேன். துடிப்பு 92-க்கு மேல் போகவில்லை. முந்தைய இரவு ஆறு மணி நேரம் தூங்கியிருந்தேன். நேரம் இரண்டு நிமிடம் குறைந்தது. அன்று வெயில் தாழ்ந்திருந்ததால் அதை முழுக்கப் பயிற்சியின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் அந்தத் தூக்கமும் அந்த 92-உம் பயிற்சி தந்தவைதான்.

மையத்தில் மீதி நான்கு அமர்வுகளுக்கான 4,800 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 77 என்று அச்சிட்ட அறிக்கையைத் திருத்தித் தர மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கோப்பையும் குபியோஸ் வரைபடத்தையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன்; வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறேன்.