ஓவரியை எடுப்பதா, டியூபை மட்டும் எடுப்பதா: நான் முடிவெடுத்த விதம்

அம்மா 52 வயதில் சினைப்பைப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். வயிறு உப்புசம் என்று கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தபோதே நோய் மூன்றாம் கட்டத்துக்குப் போயிருந்தது. சில வருடம் கழித்துச் சித்திக்கு மார்பில் கட்டி. அவரைப் பார்த்த டாக்டர்தான் மரபணுச் சோதனை பற்றிச் சொன்னார். நோய் வந்தவருக்கு முதலில் பார்த்து, குடும்பத்தில் ஓடும் மாற்றம் எது என்று தெரிந்துகொண்டால், மற்றவர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். சித்திக்கு பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில், மார்பு, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மாற்றம் இருந்தது. எனக்கும் இருந்தது. தம்பியையும் சோதிக்கச் சொன்னார்கள். ஆண் வழியாகவும் இது பிள்ளைகளுக்குப் போகும்.

பொதுவாக நூறு பெண்களில் ஒருவருக்குச் சற்று மேல் வரும் சினைப்பைப் புற்றுநோய், இந்த மாற்றம் உள்ள நூறு பேரில் ஏறக்குறைய 40 பேருக்கு, சில கணக்குகளில் அதற்கும் மேல் வருகிறது. அப்போது எனக்கு வயது 39.

முதலில் போன இடத்தில், "நோயே இல்லாமல் எதற்கு ஆபரேஷன்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.ஏ.125 ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுங்கள்" என்றார்கள். மனசு கேட்கவில்லை. பெண்களுக்கான புற்றுநோய் அறுவை நிபுணர் ஒருவரிடம் போனேன். அவர் பிரிட்டனில் நடந்த ஆய்வைச் சொன்னார். சாதாரண ஆபத்துள்ள இரண்டு லட்சம் பெண்களுக்கு மேல் பங்கேற்றது அது. 2021-இல் வந்த முடிவில், இந்தப் பரிசோதனைகளால் சினைப்பைப் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கும் அறுவைக்கு இது மாற்றாகாது என்றார்.

அப்புறம் இரண்டு வழிகளை வைத்தார். ஒன்று, ஓவரி (சினைப்பை), டியூப் (கருக்குழாய்) இரண்டையும் எடுப்பது. பிள்ளைப்பேறு முடிந்தபின், பி.ஆர்.சி.ஏ.1 என்றால் 35-லிருந்து 40-க்குள், அதைப் போன்ற இன்னொரு மரபணுவான பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 45 வரை பொறுக்கலாம். இன்னொன்று, இப்போது டியூபை மட்டும் எடுத்துவிட்டு ஓவரியைச் சில வருடம் கழித்து எடுப்பது. இந்தப் புற்றில் பெரும்பகுதி டியூபின் விரல் போன்ற நுனியில்தான் தொடங்குகிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது. ஓவரி இருப்பதால் மாதவிலக்கும் சட்டென நிற்காது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது எவ்வளவு காக்கும் என்று நெதர்லாந்து போன்ற நாடுகளில் இன்னும் ஆய்வு நடக்கிறது. நான் 40-ஐத் தொட்டுக்கொண்டிருந்தேன், இரண்டு பிள்ளைகள் போதும் என்று இருந்தோம். இரண்டையும் எடுத்துவிடச் சொன்னேன்.

மாமியார், "அப்படியே கர்ப்பப்பையையும் எடுத்துடச் சொல்லும்மா" என்றார். நம் ஊரில் கர்ப்பப்பையை எடுத்தாலே எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். கர்ப்பப்பையை மட்டும் எடுத்து ஓவரியை விட்டுவைத்தால் இந்த ஆபத்து அப்படியே இருக்கும். எனக்குக் கர்ப்பப்பையில் கோளாறு இல்லாததால் அதைத் தொடவில்லை.

இன்ஷூரன்ஸ், "நோய் இல்லை" என்று கைவிரித்தது. நகையை வைத்துத்தான் பணம் கட்டினோம். நோய் வந்தபின் ஆகும் செலவைத் தருபவர்கள், வராமல் தடுப்பதற்குத் தரமாட்டேன் என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

லேப்ராஸ்கோப்பிதான், வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள். மறுநாளே வீடு. வலி பெரிதில்லை. ஓவரி போனதும் மாதவிலக்கு சட்டென நின்றதால் வந்த சூடுதான் பெரிது. நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று தணல் போல ஏறும். நிமிடத்தில் நைட்டி நனைந்துவிடும். மார்கழியில் நான் ஃபேனை ஐந்தில் வைக்க, கணவர் இரண்டு போர்வைக்குள் சுருண்டிருப்பார். எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததில்லை என்பதால் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். கர்ப்பப்பை இருப்பதால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும். 50 வயதுவாக்கில் நிறுத்திக்கொள்ளலாம். எலும்பு அடர்த்தியையும் பார்த்துக்கொள்கிறேன்.

வயிற்று உள்ளுறையில் புற்று வரும் சிறு வாய்ப்பு இன்னும் உண்டு. மார்புக்கு வருடா வருடம் எம்.ஆர்.ஐ., மேமோகிராம் எடுக்கிறேன்.

இந்த அறுவைக்குப் போகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: எடுத்த டியூபை, குறிப்பாக நுனியை, 2-3 மில்லிமீட்டர் துண்டுகளாக அறுத்து முழுவதும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களா, வயிற்றைக் கழுவிய நீரையும் சோதனைக்கு அனுப்புவார்களா என்று. கண்ணுக்குத் தெரியாத புற்று சிலருக்கு அப்போதே இருக்கும். இருந்தால் சிகிச்சையே வேறு. என் ரிப்போர்ட்டில் இரண்டும் எழுதியிருந்தது, இரண்டிலும் ஒன்றுமில்லை.