துணி கிடைத்தது, பாக்கெட் கிடைக்கவில்லை

அரசுப் பள்ளியில் சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 4 செட் சீருடை இலவசம். சீருடைக்கு அலையும் அலைச்சலெல்லாம் தனியார் பள்ளிக்காரர்களுக்கு. பள்ளி கைகாட்டிய கடையில் ரெடிமேடாக வாங்காமல், துணி எடுத்துத் தைத்துக்கொள்வதென்று வேலூரில் சில குடும்பங்கள் சேர்ந்து இறங்கினோம். செலவு குறைந்தது. அதற்குள் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

பேன்ட் துணி லாங் பஜாரில் சுலபமாக முடிந்தது. 58 அங்குலப் பன்னாவில், அதாவது அகலத்தில், பேன்ட் உயரத்தோடு 15 முதல் 20 செ.மீ. சேர்த்து எடுத்தால் போதும். 36 அங்குலப் பன்னாவைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். மீட்டர் விலை குறைவாகத் தெரியும், நீளம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

சட்டையின் கட்டம்தான் வினை. ஆர்டர் கொடுத்து நெய்யவைக்கும் டிசைன் என்பதால் அச்சு அசலாக வெளியே கிடைக்காது. "இதேதான் சார்" என்று டியூப் லைட்டில் காட்டுவதை நம்பாமல் வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பாருங்கள். ஒத்துப் பார்க்கப் பழைய சட்டையின் வெளிப்பக்கம் உதவாது, வெளுத்திருக்கும். கீழ் மடிப்பைப் பிரித்தால் உள்ளே அசல் நிறம் இருக்கும். எல்லாருக்கும் ஒரே தானிலிருந்து, அதாவது ஒரே துணிச் சுருளிலிருந்து, வெட்டி வாங்குங்கள். அடுத்த லாட்டில் சாயம் ஒரு பொட்டு மாறினாலும் பிரேயர் வரிசையில் பளிச்சென்று தெரியும். கட்டம் சேர்த்து வெட்டப் பத்து சதவீதமாவது கூடுதல் துணி வேண்டும்.

அடுத்தது பள்ளி முத்திரை போட்ட பாக்கெட். "சட்டையோடுதான் தருவோம், தனியாக இல்லை" என்று கடையில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பள்ளி அலுவலகத்தில் கேட்டால், "நாங்க யாரையும் கட்டாயப்படுத்தலையே" என்று பதில். பிறகு எங்கே போவது? குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டுமென்று வற்புறுத்தக் கூடாதென சிபிஎஸ்இ 2017-லேயே சுற்றறிக்கை விட்டது. சிபிஎஸ்இ பள்ளியென்றால் அதன் நகலோடு போங்கள், பேச்சின் தொனி மாறும்.

பழைய பாக்கெட் நன்றாக இருந்தால் தையலைப் பிரித்துப் புதுச் சட்டையில் வைத்துவிடலாம். இல்லையென்றால் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. டிசைன் ஏற்றும் கூலி ஒருமுறைதான். பத்துப் பேர் பகிர்ந்தால் தலைக்குச் சொற்பம், ஒற்றை ஆளாகப் போனால் சட்டை விலையே வந்துவிடும்.

தையல்காரரிடம் ஏப்ரலில் கொடுங்கள். மே கடைசியில் கொடுத்துவிட்டு ஜூனில் அவரைத் திட்டிப் பயனில்லை. பருத்தி கூடுதலான துணியை ஓரிரவு ஊறவைத்து உலர்த்திய பிறகே வெட்டச் சொல்ல வேண்டும். பாலியஸ்டர் கூடினால் சுருங்காது, நெடுநாள் உழைக்கும். ஆனால் நம்மூர் வெயிலில் பிள்ளை வெந்துபோகும். பேன்ட் காலில் 2 அங்குலம், பின் தையலில் 1 அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள். அவர்களாக விட மாட்டார்கள், நூல் பிரியாமல் ஓரத்தில் ஓவர்லாக் தையல் போடும்போது வெட்டித் தள்ளிவிடுவார்கள். மிச்சத் துணியையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள், முழங்கை கிழிந்தால் அதே ஷேடு வேறெங்கும் கிடைக்காது.