மாமாவின் லேப்டாப்பில் ஒட்டிக்கொண்டு வந்த நான்கு புரோகிராம்கள்

“இதை ஆன் பண்ணிட்டுப் போய்க் குளிச்சிட்டே வந்துடலாம் மாப்ளே” என்றார் மாமா. லேப்டாப் வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. நெட் பேங்கிங் பார்க்கிறோமே, இருக்கட்டும் என்று ஓர் இலவச ஆன்டிவைரஸை அவரே இறக்கிப் போட்டிருக்கிறார். வந்த பெட்டியிலெல்லாம் ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’. அப்புறம் அவர் கேட்காத நான்கு ஐகான்கள் டெஸ்க்டாப்பில் வந்து உட்கார்ந்துவிட்டன.

செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் இன்ஸ்டால்டு ஆப்ஸ். பெயர் வரிசையில் ஒன்றும் பிடிபடவில்லை. இன்ஸ்டால் ஆன தேதிப்படி அடுக்கியதும் குட்டு உடைந்தது. ஒரே தேதியில் ஐந்து: ஆன்டிவைரஸ், ஒரு பிரவுசர், இணைய இணைப்பை மறைத்துக் கொண்டுபோகும் ஒரு விபிஎன், ஒரு கிளீனர், ஒரு டிரைவர் அப்டேட்டர். கிளீனர் ஏகப்பட்ட ‘பிரச்சினைகள்’ என்று சிவப்பில் மிரட்டியது. சரிசெய்யக் காசு கேட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பிரவுசர் குக்கிகள், அதாவது இணையதளங்கள் விட்டுச்செல்லும் சின்னச் சின்னக் குறிப்புகள்! பிரின்டர், வைஃபை போன்றவற்றை இயக்கும் டிரைவர்களைப் பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டே கொண்டுவந்துவிடும். அதற்குத் தனியாக ஓர் ஆள் எதற்கு?

தலையை எடுத்தால் வாலும் போகும் என்று நினைத்து முதலில் ஆன்டிவைரஸை நீக்கப் போனேன். பெட்டியில் பெரிய பச்சைப் பொத்தான், ‘பாதுகாப்பைத் தொடர்க’ என்று. நீக்கும் வழி அதற்குக் கீழே, சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. நீக்கி, ரீஸ்டார்ட் செய்தால் தலை மட்டும்தான் போயிருந்தது. நான்கு வாலும் அப்படியே இருந்தன.

சரி என்று ஒவ்வொன்றாக நீக்கினேன். விபிஎன் மட்டும் ‘இயங்கிக்கொண்டிருக்கிறேன்’ என்று அடம்பிடித்தது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதை நிறுத்திய பிறகே போனது. மிச்சம் மீதிக்கு அந்த நிறுவனமே தரும் ரிமூவல் டூலை, அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடில் ஓட்டினேன். அப்படியும், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் கிளீனரின் பெயரில் தினசரி வேலை ஒன்று மிஞ்சியிருந்தது. அதையும் அழித்தேன்.

முடிந்தது என்று எழுந்தபோது மாமா, “கூகுள்ல தேடினா வேற என்னமோ வருதே?” என்றார். புரோகிராமை நீக்கினாலும் அது குரோம் பிரவுசரில் நட்டுவைத்த எக்ஸ்டென்ஷன் என்ற ஒட்டுச் செயலி தானாகப் போவதில்லை. எக்ஸ்டென்ஷன்கள் பக்கத்தில் கூப்பன் தேடித் தருகிறேன் என்று ஒன்று இருந்தது. அதைத் தூக்கிவிட்டு, தேடுபொறியையும் முதல் பக்கத்தையும் பழையபடி மாற்றினேன். இத்தனை வேலையிலும் இது ஒன்றைத்தான் நானாக யோசித்திருக்க மாட்டேன்.

“இப்ப வைரஸ் வந்தா?” என்று அத்தைக்குக் கவலை. விண்டோஸ் 10, 11 இரண்டிலுமே மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. வேறு ஆன்டிவைரஸ் வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். அது போனதும் தானே வேலைக்குத் திரும்பும். விண்டோஸ் செக்யூரிட்டியில் பச்சை டிக்கைக் காட்டினேன். அங்கேயே ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோலுக்குள், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதி அணைந்து கிடந்தது. அதையும் ஆன் செய்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து மாமாவிடமிருந்து போன். “மாப்ளே, பிடிஎஃப் படிக்க ஒண்ணு இறக்குறேன். கீழே சின்னதா ஒரு டிக் இருக்கு. எடுத்துடவா?”