பாட்டில் அடியில் தண்ணீர்

பழைய டீசல் ஃபில்டரை, பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலில் கவிழ்த்தார் மெக்கானிக் அண்ணன். கறுப்பாக வடிந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தார்.

டீசல் மேலே நின்றது. அடியில் அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர், தனியாக.

"இதத்தான் தம்பி உங்க வண்டி குடிச்சிட்டு இருந்துச்சு."

காலையில் பெங்களூரு ஹெப்பாள் மேம்பாலம் ஏறும்போது வண்டி திக்கித் திணறியது. எவ்வளவு மிதித்தாலும் இழுவையே இல்லை. பின்னால் ஒரே ஹாரன். அல்சூர் வரை வந்து சேர்ந்ததே பெரிய விஷயம்.

போன சர்வீஸில் 'ஃபில்டர் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சொன்னது நான்தான். அதே வாரம் சீட் கவருக்கு நாலாயிரம் ரூபாய் கொடுத்தேன், அது வேறு கதை.

இப்போதைய டீசல் இன்ஜினில், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குப் போகும் அழுத்தம் 1000 பாரை, அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல சுமார் ஆயிரம் மடங்கைத் தாண்டும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் தூசியைக்கூட ஃபில்டர் பிடித்தாக வேண்டும். தண்ணீரையும் அதுதான் தடுக்கிறது. தாண்டி உள்ளே போனால் துரு, அப்புறம் இன்ஜெக்டர் பில்.

நானோ ஞாயிறு தவறாமல் பானெட்டுக்கு ஷாம்பூ போடுகிறேன். அடுத்தவர் கண்ணில் படும் இடத்துக்குத்தான் என் அக்கறையெல்லாம்.

புது ஃபில்டரை மாட்டியதும், உள்ளே இருக்கும் காற்று போக, கை பம்ப்பை அமுக்கச் சொன்னார். குமிழி நின்று பம்ப் இறுகியது. மூன்றாவது முறை வண்டி கிளம்பியது.

"பாட்டில எடுத்துட்டுப் போய் வீட்ல காட்டுங்க."

வீட்டில் சீட் கவர் பஞ்சாயத்தே இன்னும் முடியவில்லை. பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.