பழைய விலாசத்துக்கு ஒரு போஸ்ட் கார்டு

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த மூன்றாம் நாள், மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு, டீச்சர் குடை பிடித்தபடி எங்கள் வீட்டு கேட்டைத் தட்டினார். வேலூர் சத்துவாச்சாரியில் அந்த நேரத்துக்குத் தெருவில் நாய்கூட நடக்காது. கையில் மஞ்சப்பை. அதற்குள் பாஸ்புக், பென்ஷன் புக், ஆதார், கண்ணாடிக்கூடு. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "சார், என் பேங்க் கணக்கு இனிமே செல்லாதாமே?"

டீச்சருக்கு வயது 74. மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். இவர் தனியாக இருக்கிறார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தவர். நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் பென்ஷன் சம்பந்தமாக எது வந்தாலும் நேராக என்னிடம் வந்துவிடுவார்.

காலையில் போன் வந்திருக்கிறது. "கருவூலத்துலேருந்து பேசறோம் மேடம். உங்க பேங்கை வேற பேங்கோட சேர்த்துட்டாங்க. ஐ.எஃப்.எஸ்.சி. கோடு மாறிடுச்சு. இன்னிக்குள்ள புது விவரம் ஏத்தலைன்னா இந்த மாசம் பென்ஷன் வராது." பேசியவன் டீச்சரின் பெயர், ஓய்வு பெற்ற தேதி, பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) நம்பர் எல்லாவற்றையும் ஒரு எழுத்து பிசகாமல் சொல்லியிருக்கிறான். வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வரும், அதைத் திறந்து விவரத்தைப் போட்டு, அப்புறம் வருகிற ஆறு இலக்க எண்ணைச் சொல்ல வேண்டும் என்றானாம். கடைசியாக, "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க, ரகசியம்" என்றும் சொல்லியிருக்கிறான்.

அந்தக் கடைசி வார்த்தைதான் டீச்சரைத் தடுத்தது. "பக்கத்துல இருக்கிறவன்கிட்ட பேசாதேன்னு பரீட்சை ஹால்லதான் சார் சொல்லுவோம். என் பென்ஷனைப் பத்தி நான் பேசறதுக்கு என்ன தடை?" ஃபைலைத் திறக்காமல் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவரைக் கும்பிடலாம் போல இருந்தது.

அவன் சொன்னதில் பாதி உண்மை. 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனராவோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. பிறகு வங்கிக் கிளையை அடையாளம் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. கோடு எண்களும் மாறின. டீச்சரின் வங்கியும் அப்படிச் சேர்ந்த ஒன்றுதான். ஆனால் அதெல்லாம் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. அதற்கப்புறமும் அவருக்கு மாதாமாதம் பணம் வந்துகொண்டுதான் இருக்கிறது. பாஸ்புக்கைத் திறந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினேன். அப்போதுதான் தண்ணீரைக் குடித்தார்.

பி.பி.ஓ. நம்பர் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அந்தப் புத்தகத்தை நாம் எத்தனை கடையில் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறோம், எத்தனை பேரிடம் கொடுத்திருக்கிறோம் என்று யோசித்தாலே போதும். நம் நம்பர் ஒருவனுக்குத் தெரிந்திருப்பதால் அவன் அலுவலகத்து ஆள் ஆகிவிட மாட்டான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய கதை ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது வட ஆற்காடு ஒரே மாவட்டம். திருவண்ணாமலை 1989இல்தான் தனியாகப் போனது. இந்தப் பக்கத்தில் ஒரு சார்நிலைக் கருவூலத்தில் பென்ஷன் சீட்டில் என்னைப் போட்டிருந்தார்கள். தொழில் தெரியாத வயது. ஒருநாள் தபாலில் ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூட வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தான் குடிமாறிவிட்டதாகவும் இனிமேல் பென்ஷனை டவுனில் உள்ள வேறொரு வங்கிக் கணக்கில் போடும்படியும் கேட்டிருந்தார். புது விலாசம் இருந்தது, பாஸ்புக் முதல் பக்கத்தின் நகல் இருந்தது, பி.பி.ஓ. நம்பர் சரியாக இருந்தது. கீழே நல்ல கையெழுத்து. நான் குறிப்பு எழுதி, இனிஷியல் போட்டு, ஃபைலை மேலே அனுப்பிவிட்டேன்.

எங்கள் அதிகாரி ஒரு அம்மா. அதிர்ந்து பேச மாட்டார். என்னைக் கூப்பிட்டு, எங்கள் அலுவலகத்தில் இருக்கும் அந்தப் பெரியவரின் பி.பி.ஓ.வை எடுத்து வரச் சொன்னார். பி.பி.ஓ.வுக்கு இரண்டு பாதி உண்டு. ஒரு பாதி ஓய்வூதியரிடம் இருக்கும், இன்னொன்று பணம் கொடுக்கும் இடத்தில் இருக்கும். ஃபோட்டோ, அங்க அடையாளம், கையெழுத்து மாதிரி எல்லாம் அதில் உண்டு. இந்தப் பெரியவருக்கு வலது கன்னத்தில் ஒரு மச்சம் என்று எழுதியிருந்தது. அதன் கீழே, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், நீல மையில் இடது கைப் பெருவிரல் ரேகை.

அம்மா கடிதத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஏம்பா, ரிட்டயர் ஆனப்புறம் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டாரா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்று பேப்பரையும் சரிபார்த்த நான், அந்த ஒன்றைப் பார்க்கவில்லை. அம்மா திட்டவில்லை. "ஒரு போஸ்ட் கார்டு எழுது. கணக்கை மாத்தச் சொன்னது நீங்கதானா, நேர்ல வந்து சொல்லுங்கன்னு. கடிதத்துல இருக்கிற விலாசத்துக்குப் போடாதே. நம்மகிட்ட இருக்கிற பழைய விலாசத்துக்குப் போடு" என்றார்.

நாலைந்து நாளில், அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பெரியவர் பஸ் பிடித்து வந்தார். தலையில் துண்டு, கையில் அந்தக் கார்டு. யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். "நான் இன்னாத்துக்கு சாமி மாத்தப்போறேன்? நான் எங்கியும் போகலியே" என்றார். வலது கன்னத்தில் மச்சம் இருந்தது. கடிதம் எழுதியது அவருடைய அக்கா மகன். போலீஸுக்கு எழுதட்டுமா என்று கேட்டதற்குப் பெரியவர் வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, "பணம் போவல இல்ல? உட்ருங்க" என்றார்.

அந்த அம்மா அன்று சொல்லிக்கொடுத்ததை அதற்கப்புறம் சர்வீஸ் முடியும்வரை நான் விடவில்லை. பென்ஷன் மாதாமாதம் தானாகப் போய்ச் சேரும். திருட நினைப்பவனுக்கு அதில் கை வைக்க இடம் கிடைப்பது, போய்ச் சேரும் இடம் மாறுகிற அந்த ஒரு நாளில்தான். அந்த ஒரு நாளில் கேள்வியைப் புது இடத்தில் கேட்டால் திருடனே பதில் சொல்வான். பழைய இடத்தில்தான் கேட்க வேண்டும்.

இப்போது இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் என்.இ.எஃப்.டி. முறையில் அனுப்பும் பணம் கணக்கு எண்ணை மட்டும் பார்த்துத்தான் போய்ச் சேருகிறது. பெயர் பொருந்துகிறதா என்று அது பார்ப்பதில்லை. பெயரை முன்கூட்டிக் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் கொண்டுவரச் சொல்லி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. நல்ல காரியம். ஆனால் பெயரைப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும். விண்ணப்பத்தில் உங்கள் பெயர், கணக்கு எண் வேறொருவருடையது என்றால், அதைப் பார்க்கிற கண் எங்காவது இருந்தே ஆக வேண்டும்.

அந்தக் காலத்துப் பழைய விலாசம் இன்றைக்கு எது? உங்கள் மொபைல் நம்பர்தான். வங்கியில், ஆதாரில், பென்ஷன் பதிவில் கொடுத்திருக்கும் நம்பர். "உங்கள் விவரம் மாற்றப்படுகிறது" என்ற போஸ்ட் கார்டு இப்போது அங்கேதான் எஸ்.எம்.எஸ். ஆக வரும். திருடனுக்கும் இது தெரியும். அதனால் கணக்கைத் தொடுவதற்கு முன்னால் நம்பரைத்தான் மாற்றவோ தன் கைக்குக் கொண்டுவரவோ பார்ப்பான். நீங்கள் கேட்காமல் "மொபைல் எண் மாற்றப்பட்டது" என்று ஒரு செய்தி வந்தால், அல்லது போனில் திடீரென்று சிக்னல் செத்துப் பக்கத்து வீட்டுப் போனில் மட்டும் சிக்னல் இருந்தால், அன்றைக்கே வங்கிக்கு ஓடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது, அந்த விலாசத்தில் ஆளே இல்லாமல் போவது. எங்கள் தெருவிலேயே பலர் வங்கியில் மகன் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். சிலர் கொடுத்த நம்பர் ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ செத்துவிட்டது. துண்டித்த நம்பரை 90 நாள் கழித்துக் கம்பெனிக்காரர்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் உங்கள் போஸ்ட் கார்டு யாரோ ஒருவர் வீட்டு வாசலில் விழும்.

ஆதார் வழியாக வரும் உதவிப் பணம், மானியம் எல்லாம் வேறு மாதிரி. அங்கே கணக்கு எண்ணைப் பார்த்துப் பணம் போவதில்லை. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை மானியத்துக்காக இணைத்தீர்களோ, பணம் அங்கே போய்விடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வங்கிதான். புதுக் கணக்கு தொடங்கும் படிவத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடித்தால் போதும், பணத்தின் வழி மாறிவிடும். 2017இல் சிம் கார்டு சரிபார்க்கப் போனவர்களுக்கு அவர்கள் அறியாமலே புதுக் கணக்குகள் தொடங்கி, கேஸ் மானியம் அங்கே போய்ச் சேர்ந்தது நாடு முழுவதும் பேச்சானது. பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்து இப்போது மாதம் ஆயிரத்துச் சொச்சம் பி.எஃப். பென்ஷன் வாங்கும் பெண்கள், முதியோர் உதவித்தொகை வாங்கும் பாட்டிகள், இவர்களுக்குத்தான் இதை அவசியம் சொல்ல வேண்டும். யாராவது கூட இருந்து ஆதார் இணையதளத்தில் "வங்கி இணைப்பு" நிலையைப் பார்த்துக் கொடுங்கள். எந்த வங்கி, கடைசியாக எப்போது மாறியது என்று அதில் தெரியும். ஐந்து நிமிட வேலை. கைரேகையை ஆதாரில் பூட்டிவைக்கவும் வசதி இருக்கிறது. ரேகை வைத்துப் பணம் எடுக்காதவர்கள் பூட்டியே வைக்கலாம். எடுப்பவர்கள், ரேகை வைத்த ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். "மிஷின் எடுக்கல, இன்னொரு தடவை வை" என்றால் முதல் தடவைக்கும் சீட்டு கேளுங்கள்.

ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்று வருடா வருடம் காட்டும் உயிர்ச்சான்று விஷயத்திலும் நவம்பர் வந்தால் இதே மாதிரி போன்கள் வரும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம், 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிடும். தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை வாங்கிக்கொண்டு போவார், கட்டணம் 70 ரூபாய். அதற்கு வாட்ஸ்அப் ஃபைல் எதுவும் தேவையில்லை.

ஏமாந்துவிட்டால்? 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடித்து நிறுத்த அவர்களால் முடியும், அதற்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். நம் தவறு இல்லாமல் வெளியாள் வழியாகப் பணம் போயிருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் விதி போட்டது. அந்த விதிப்படி, போனில் வரும் ஓ.டி.பி. எண்ணை நாமே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போனது நம் தலையில். அதற்கப்புறம் போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு மகனுக்குத் தெரியாமல் மறைக்க வேண்டாம். உங்களை ஏமாற்றியவன் இதையே தொழிலாகச் செய்கிறவன்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா அம்மா இப்படி ஒரு போனைப் பற்றிச் சொன்னால், "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று எரிந்து விழாதீர்கள். அடுத்த தடவை அவர்கள் உங்களிடம் சொல்லாமல் போய்விடுவார்கள்.

டீச்சரிடம் வங்கியில் எந்த நம்பர் இருக்கிறது என்று கேட்டேன். ஓசூர் மகனின் பழைய நம்பராம். அவன் அதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. திங்கட்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் அவரை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறேன். அவர் கையில் வைத்திருக்கும் போனின் நம்பரையே அங்கே ஏற்றிவிட வேண்டும். அப்படியே கருவூலத்துக்குப் போய், அறிவிப்புப் பலகையில் இருக்கும் தொலைபேசி எண்ணை அவர் கையாலேயே பாஸ்புக் அட்டையில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். சிவப்பு மைப் பேனா எடுத்து வருகிறேன் என்றார்.