பந்தியில் வேர்வை

"ஏன் கண்ணு, ஒடம்புக்கு முடியலையா?"

கோபியில் கல்யாணப் பந்தி, பக்கத்து இலை ஆத்தா ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார். தை மாசக் குளிரிலும் என் நெற்றியிலிருந்து வேர்வை ரசச் சோற்றில் சொட்டப் பார்த்தது.

டிஷ்யூ பேப்பர் தாடியில் ஒட்டி மானத்தை வாங்கும், அதனால் எங்கே போனாலும் தோளில் ஈரோட்டு ஈரிழைத் துண்டுதான்.

தைராய்டு, சர்க்கரை எதுவும் இல்லை, நரம்புகள் வேர்வைச் சுரப்பிகளை அளவுக்கு மீறித் தூண்டுகின்றன என்றார் தோல் மருத்துவர். ராத்திரியில் காய்ந்த முகத்தில், கண்ணில் படாமல் பூச அலுமினியம் குளோரைடு மருந்து. கொஞ்சம் எரிகிறது, கொஞ்சம் குறைகிறது.

யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால்தான் இன்னும் கூடுகிறது. பாதி வேர்வை வெயிலுக்கு இல்லை, மனிதர்களுக்கு!

காரத்தைக் குறைக்கவும் சொன்னார். பள்ளிபாளையம் சிக்கனை எப்படிங்க விடுவது?