நாலு முழம் மல்லி

நான்காம் வகுப்பில் ஒரு பெண். 200-இல் 120 போனால் எவ்வளவு என்று கேட்டால் நோட்டில் 120 என்றே எழுதுவாள். பூஜ்யத்தில் இரண்டு போகாது, அதனால் இரண்டில் பூஜ்யத்தைக் கழித்துவிடுவாள். கடன் வாங்கிக் கழித்தலை எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும் இதே கதைதான். அவளை 'மெல்லக் கற்பவர்' என்று எழுதி வைத்தது நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பூ வாங்க நின்றால், கூடைக்குப் பக்கத்தில் அவள். அம்மா கட்டிக்கொண்டிருக்க, அளந்து கொடுப்பதும் காசு வாங்குவதும் இவள்தான். முழம் முப்பது. நாலு முழம் கேட்டு 200 ரூபாய் நோட்டை நீட்டினேன். "ரெண்டு அறுபது, இன்னொரு ரெண்டு அறுபது, நூத்தி இருபது சார்" என்றவள், மூன்று பத்து ரூபாயை என் கையில் வைத்து "நூத்தம்பது" என்றாள், அதன்மேல் ஒரு ஐம்பதை வைத்து "இருநூறு". முடிந்தது. அவள் கழிக்கவே இல்லை, மேலே ஏறிப் போய்விட்டாள். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை.

பிரேசிலில் ரெசிஃபே நகரத்துத் தெருக்களில் வியாபாரம் செய்த பிள்ளைகளைப் பற்றி 1985-இல் ஒரு ஆய்வு வந்தது. விற்கிற இடத்திலேயே கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி, அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகக் கொடுத்தால் 37 சதவீதம்தான். பத்து தேங்காய் என்ன விலை என்றதற்கு ஒரு பையன் ஒரு காயின் விலைக்குப் பக்கத்தில் பூஜ்யம் சேர்க்கவில்லை, மூன்று மூன்று காயாகக் கூட்டிக்கொண்டே போனான். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு உளவியலாளர் வைகாட்ஸ்கியையும் உருப்போட்டவன்தான் நான். எதுவும் முதலில் ஆட்களுக்கு நடுவில் நடக்கிறது, அப்புறம்தான் பிள்ளையின் மனசுக்குள் போகிறது என்றவர். தேர்வில் சரியான விடைக்கு டிக் போட்டதோடு சரி, வகுப்பில் மட்டும் "பேசாமப் போடு" என்று அதட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் கடை போட்டோம். எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் பையன் சில்லறை கொடுக்கத் தெரியாமல் முழிக்க, இவள் "மேல ஏத்திக்கிட்டே வாடா" என்று அவன் விரலைப் பிடித்து எண்ண வைத்தாள். ஒரே சத்தம். பக்கத்து வகுப்பு டீச்சர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

கடன் வாங்கிக் கழித்தலை நான் விட்டுவிடவில்லை, பெரிய எண் வந்தால் தாளில் அது வேண்டும். அவள் வழியைப் பலகையில் எழுதி, பக்கத்திலேயே அதையும் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாங்குன கடனை எப்ப சார் திருப்பிக் குடுப்போம்?" என்றாள். தண்டல்காரர் தினமும் வந்து நிற்கிற வீட்டுப் பிள்ளை. பதில் சொல்ல எனக்கு ஒரு பீரியடு முழுக்கத் தேவைப்பட்டது.